கொம்பிரசர் எங்கே சீறுகிறது என்று முதலில் கேளுங்கள்: பிரஷர் கட்டுப்பாட்டுக் கோளாறுகளைப் படிப்படியாகப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் திருகோணமலையில் டயர் கடைக்காரர், ஓட்டோ கராஜ்காரர், படகு எஞ்சின் திருத்துகிறவர் என்று ஆள் மாறி ஆள் கொம்பிரசரைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள். வந்தவுடன் சொல்வதும் ஒரே வசனம்தான்: "அண்ணை, பிரஷர் சுவிட்ச் போயிற்று, புதுசு ஒன்று போட்டுத் தாங்கோ." தாங்கியின் அமுக்கத்தைப் பார்த்து மோட்டரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அந்தச் சுவிட்ச்தான். போட்டுக் கொடுப்பது பத்து நிமிட வேலை. போட்டபின் கோளாறு போகுமா என்பதுதான் கேள்வி.

போன மாரியில் திருக்கடலூர்ப் பக்கம் டயர் ஒட்டுகிற ஒருவர் தன் கொம்பிரசரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்கு முன்பே வேறோர் இடத்தில் இரண்டு தடவை சுவிட்ச் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் காசு போனதே தவிர, மோட்டர் நின்றபின் சுவிட்சின் அடியிலிருந்து வரும் சீறல் நிற்கவில்லை, இரவு முழுக்கக் காற்று போய்க் காலையில் கேஜ் முள் பூச்சியத்தில் நிற்கும். நான் சுவிட்சைத் தொடவில்லை. தாங்கிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, பம்பின் மேல்மூடியான ஹெட்டிலிருந்து வரும் செம்புக் குழாய் தாங்கிக்குள் இறங்குகிற இடத்தில் இருக்கும் பித்தளைச் செக் வால்வைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வட்டில் மிளகு அளவில் ஒரு கரித்துண்டு அப்படியே பதிந்து கிடந்தது. நகத்தால் கிளப்பினேன், அது இருந்த இடத்தில் ஒரு குழி. வட்டை மாற்றி, அது வந்து உட்காரும் பித்தளை விளிம்பைத் துணியால் துடைத்துப் பூட்டியதும் சீறல் இரண்டு செக்கனில் நின்றது. அவர் பையில் வைத்திருந்த முதலாவது சுவிட்சையும் போட்டுப் பார்த்தோம். அதுவும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சுவிட்ச் இருக்கும் இடத்தில் சத்தம் வருகிறது என்பதற்காகச் சுவிட்சில்தான் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். எங்கே சீறுகிறது, எப்போது சீறுகிறது, எவ்வளவு நேரம் சீறுகிறது, இந்த மூன்றையும் கவனித்தாலே பெரும்பாலான கோளாறு ஸ்பனரைக் கையில் எடுக்க முதலே பிடிபட்டுவிடும்.

நான் சொல்வது கராஜ்களில் சாதாரணமாக இருக்கிற பிஸ்டன் கொம்பிரசரைப் பற்றி. பெல்ட் போட்டதாகவும் இருக்கலாம், மோட்டரோடு நேராகப் பூட்டியதாகவும் இருக்கலாம், 2 அல்லது 3 குதிரை வலு, 50 முதல் 200 லீற்றர் வரை தாங்கி. பெரிய ஸ்க்ரூ கொம்பிரசரின் கட்டுப்பாடு வேறு மாதிரி, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

காற்று போகும் வழி

இது தெரியாவிட்டால் கீழே சொல்லும் எதுவும் பிடிபடாது, ஆகவே ஒருதடவை கொம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள் (ஓடி முடித்த கையோடு வேண்டாம், ஹெட்டும் செம்புக் குழாயும் கையைச் சுட்டுவிடும்).

ஹெட்டில் அமுங்கிய காற்று செம்புக் குழாயால் வந்து, செக் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு தாங்கிக்குள் போகிறது. செக் வால்வு ஒருவழிக் கதவு, உள்ளே விடும், திரும்பி வர விடாது. அந்தச் செக் வால்வின் பக்கவாட்டிலிருந்து பென்சில் தடிப்பில் ஒரு மெல்லிய குழாய் பிரஷர் சுவிட்சின் அடிக்குப் போகும், பாருங்கள். அது போய்ச் சேருகிற சின்ன வால்வுதான் அன்லோடர். மோட்டர் நின்றவுடன் பிஸ்டனுக்கும் செக் வால்வுக்கும் இடையில் சிக்கிய காற்றை அது வெளியே விடும். அந்தக் காற்று போகாவிட்டால் மோட்டர் அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகும்போது அமுக்கத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும், ஒற்றைப் பேஸ் மோட்டருக்கு அந்த வலு காணாது.

பிரஷர் சுவிட்சுக்குள்ளே அடியில் ஒரு டயஃப்ரம், மேலே ஸ்பிரிங். தாங்கிக் காற்று டயஃப்ரத்தை மேலே தள்ளுகிறது, ஸ்பிரிங் கீழே அழுத்துகிறது. காற்று வென்றால் கொன்டாக்ட் (கரண்ட் போகும் உலோக முனைகள்) பிரிந்து மோட்டர் நிற்கும், அதைக் கட்-அவுட் என்கிறோம். காற்று குறைந்து ஸ்பிரிங் வென்றால் கொன்டாக்ட் சேர்ந்து மோட்டர் ஓடும், அது கட்-இன். சின்னக் கொம்பிரசர்களில் கட்-அவுட் 8 பார், கட்-இன் 6 பார் என்று வைத்திருப்பது வழமை. பிஎஸ்ஐயில் சொன்னால் 116, 87. (ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ.) ஆகவே முள் 7 பாரில் நிற்கும்போது சுவிட்சைப் போட்டும் மோட்டர் ஓடவில்லை என்றால் அது கோளாறே இல்லை, காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு 6க்கு இறங்கியதும் ஓடுகிறதா என்று பாருங்கள். இதைக் கோளாறு என்று எண்ணித் தூரத்திலிருந்து தூக்கி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

சேஃப்டி வால்வும் ரெகுலேட்டரும் மீதி. சேஃப்டி வால்வு எல்லாம் கைவிட்டாலும் தாங்கி வெடிக்காமல் காப்பது. ரெகுலேட்டர் தாங்கியிலிருந்து வெளியே போகும் காற்றின் அமுக்கத்தைக் குறைத்து ஒரே அளவில் வைப்பது, மோட்டர் நிற்பதற்கும் ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தொடுவதற்கு முதல்

ஓர் அடி விட்டமுள்ள தாங்கியின் பக்க மூடி ஒன்றை 8 பாரில் காற்று 5.5 தொன்னுக்கு மேற்பட்ட வலுவோடு தள்ளிக்கொண்டு நிற்கிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சுவிட்ச் மூடியைத் திறப்பதென்றால் பிளக்கைக் கழற்ற வேண்டும், சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணுவது போதாது. எந்த வால்வைக் கழற்றுவதென்றாலும் அடியிலுள்ள தண்ணீர் வால்வைத் திறந்து காற்றை முழுக்க விட்டு, முள் பூச்சியத்துக்கு வந்தபிறகும் சேஃப்டி வால்வின் வளையத்தை ஒருதடவை இழுத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள், ஏனென்றால் முள் பொய் சொல்லலாம். கண்ணாடி போடுங்கள். ஒற்றைப் பேஸ் மோட்டரின் கப்பாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும், அதன் முனைகளை வெறுங்கையால் தொட வேண்டாம்.

சேஃப்டி வால்வு சீறுகிறது என்று அதற்கு நட் அடித்து மூடிய தாங்கி ஒன்றை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்று அந்தக் கடையில் நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை, அதைக் கழற்றிப் புது வால்வு போட்டபிறகுதான் மற்றக் கதை பேசினேன். தயவுசெய்து சேஃப்டி வால்வை அப்படி மூடாதீர்கள். ஒரு பிள்ளை டயருக்குக் காற்றடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்.

படி 1: கேஜ் உண்மை சொல்கிறதா

எல்லா முடிவும் கேஜை வைத்துத்தான், ஆகவே முதலில் அதைச் சோதியுங்கள். காற்று முழுக்க இறங்கியபின் முள் பூச்சியத்துக் குற்றியில் போய் உட்கார வேண்டும், அரைப் பாரில் தொங்கிக்கொண்டு நின்றால் அது கெட்டது. கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்திருந்தாலும் நம்ப வேண்டாம், கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் உப்புக் காற்றுப் பட்டு உள்ளே இருக்கும் பல் துருப்பிடித்து முள் இடையில் இறுகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நல்ல கேஜ் ஒன்றை வெளிவாயில் பூட்டி, இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று 3, 5, 7 பாரில் ஒப்பிடுங்கள். வெளிவாய் ரெகுலேட்டருக்கு அப்பால் இருந்தால் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

கூடவே ஒரு கணக்கு. தாங்கியை வெறுமையாக்கி, மோட்டரைப் போட்டு, 8 பார் வர எவ்வளவு நேரம் என்று ஃபோனில் பாருங்கள். 100 லீற்றர் தாங்கியை 8 பாருக்கு நிரப்ப 800 லீற்றர் வெளிக்காற்று வேண்டும், உங்கள் கொம்பிரசர் நிமிடத்துக்கு உண்மையாக 200 லீற்றர் தள்ளுமென்றால் 4 நிமிடம். 4 நிமிடத்தில் நிரம்ப வேண்டியது 9 நிமிடம் எடுத்தால் கோளாறு கட்டுப்பாட்டில் இல்லை, ஹெட்டுக்குள் இருக்கும் ரீட் வால்வு, பிஸ்டன் ரிங், அடைத்த ஏர் ஃபில்டர் அல்லது வழுக்குகிற பெல்ட்டில் இருக்கிறது. அதற்குச் சுவிட்ச் மாற்றிப் பயனில்லை.

படி 2: மோட்டர் நின்றபின் காதைக் கொடுங்கள்

இதுதான் முக்கியமான படி. அவசரப்பட வேண்டாம். கடையில் கிரைண்டர், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கொம்பிரசரைக் கட்-அவுட் வரை ஓட விடுங்கள். டக் என்று நின்றதும் சுவிட்சின் அடியிலிருந்து "ஸ்ஸ்" என்று வரும். அது இரண்டு முதல் ஐந்து செக்கனுக்குள் நின்றுவிட்டால் அன்லோடரும் செக் வால்வும் சுகமாக இருக்கின்றன.

சீறல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்து, கேஜ் முள்ளும் மெல்ல மெல்ல இறங்கினால், தாங்கிக் காற்று செக் வால்வால் பின்னோக்கி வந்து மெல்லிய குழாயால் அன்லோடருக்குப் போய் வெளியேறுகிறது. பிழை செக் வால்வில். சத்தம் மட்டும்தான் சுவிட்சில். உறுதிப்படுத்த வேண்டுமென்றால் மோட்டர் நின்ற நிலையில், பிளக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய குழாயின் நட்டைச் செக் வால்வுப் பக்கத்தில் அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். அங்கேயும் காற்று விடாமல் வந்துகொண்டிருந்தால் சந்தேகமே இல்லை.

செக் வால்வைக் கழற்றும்போது பார்க்க வேண்டியவை: ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வட்டில் குழியோ வெடிப்போ இருக்கிறதா, சின்ன ஸ்பிரிங் முறிந்திருக்கிறதா, வட்டு உட்காரும் விளிம்பில் கரி ஒட்டியிருக்கிறதா. கரி நிறைய இருந்தால் அது ஹெட் சூடாகி ஒயில் எரிவதன் அடையாளம், வட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் சில மாதங்களில் அதே கோளாறு திரும்பி வரும். ஒயில் அளவையும் தரத்தையும், ஹெட்டின் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூட்டும்போது டெஃப்லான் டேப்பை முதல் புரி வரை சுற்றாமல் ஒரு புரி விட்டுச் சுற்றுங்கள், டேப்புத் துண்டு உள்ளே போய் வட்டின் கீழே சிக்கினால் நீங்களே புதுக் கோளாறை உண்டாக்கிவிடுவீர்கள்.

நின்றபின் சீறலே வரவில்லை என்றால் அதுவும் நல்லதில்லை. அன்லோடர் திறக்கவில்லை, அல்லது மெல்லிய குழாய் அடைத்துவிட்டது. அன்லோடரின் சின்ன ஓட்டையில் குளவி மண் வைத்து அடைத்திருந்ததை நான் ஒரு தடவைக்கு மேல் கண்டிருக்கிறேன், கொம்பிரசரைக் கடைக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

மோட்டர் ஓடும்போதே சுவிட்சடியில் சீறினால் அன்லோடர் மூடவில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு: சில சுவிட்சுகளில் மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது சில செக்கன் சீறி, பிறகு "டிக்" என்று மூடும் வகை அன்லோடர் இருக்கும், மோட்டர் பாரமில்லாமல் வேகம் பிடிப்பதற்காக அப்படி. அது சரியான வேலை. ஓடி முடியும்வரை சீறினால்தான் பிழை. அன்லோடரின் ஊசியில் தூசி, அல்லது ஊசியைத் தள்ளும் தகடு வளைந்திருக்கும்.

படி 3: திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் உறுமினால்

முதல் தடவை நன்றாக ஓடி 8 பாரில் நிற்கும். 6க்கு இறங்கியதும் "ம்ம்ம்" என்று உறுமி, ட்ரிப் சுவிட்ச் விழும். இப்படி வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள்: காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். வெறும் தாங்கியில் சுகமாக ஓடினால் ஹெட்டில் காற்று சிக்குகிறது, படி 2க்குத் திரும்பிப் போய் அன்லோடரையும் அதன் குழாயையும் பாருங்கள். வெறும் தாங்கியிலும் உறுமினால் காற்றில் தேட வேண்டாம், கப்பாசிட்டர் பலமிழந்திருக்கலாம், பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம், அல்லது கரண்ட் காணாமல் இருக்கலாம்.

கரண்ட் காணாமை என்பதைச் சிறிதாக நினைக்காதீர்கள். மீட்டரில் 230 வோல்ட் இருக்க, முப்பது மீற்றர் மெல்லிய நீட்டு வயரைச் சுற்றி வைத்துக்கொண்டு அதன் முனையில் 3 குதிரை வலு மோட்டரைப் பூட்டுகிறார்கள். அந்த மோட்டர் ஓடும்போதே 13, 14 அம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டர் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தில் சுவிட்ச் கொன்டாக்ட்டும் எரியும். வயரை நீட்டுவதை விட்டுக் காற்று ஹோஸை நீட்டுங்கள்.

படி 4: நிற்கவே மாட்டேன் என்கிறது

இதில் இரண்டு விதம், இரண்டும் வெவ்வேறு நோய்.

முள் 6.5, 7 வரை ஏறி அங்கேயே நிற்க, மோட்டர் மணிக்கணக்கில் ஓடுகிறதா? சுவிட்சுக்கு 8 பார் வரவே இல்லை, அது எப்படி நிறுத்தும்? பம்ப் களைத்துவிட்டது, அல்லது எங்கோ பெரிய ஒழுக்கு. வெளிவாய் வால்வை மூடிவிட்டுப் பாருங்கள். மூடியதும் 8க்கு ஏறி நின்றால் ஒழுக்கு ஹோஸ் பக்கத்தில், ஏறாவிட்டால் தாங்கிப் பக்கத்தில் அல்லது பம்பில். சவர்க்காரத் தண்ணீரைக் கரைத்து பிரஷால் எல்லா மூட்டிலும் தடவுங்கள், குமிழி விடும் இடம் தெரியும். ஒழுக்கின் அளவும் கணக்குப் போடலாம்: 100 லீற்றர் தாங்கியில் ஒரு பார் இறங்கினால் 100 லீற்றர் காற்று போயிற்று. அது பத்து நிமிடத்தில் நடந்தால் நிமிடத்துக்கு 10 லீற்றர் வீணாகிறது, பகல் முழுக்க அதற்கும் சேர்த்துத்தான் கரண்ட் பில் கட்டுகிறீர்கள்.

முள் 8ஐத் தாண்டி 9, 10 என்று போய்ச் சேஃப்டி வால்வு திறக்கிறதா? உடனே பிளக்கைக் கழற்றுங்கள். இது ஆபத்தான விதம். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். கொன்டாக்ட் உருகி ஒட்டிவிட்டது. அல்லது கொன்டாக்டர் (மோட்டரின் கரண்டைச் சுமக்கும் தனிச் சுவிட்ச்) போட்ட கொம்பிரசர் என்றால், சுவிட்ச் "டக்" என்று பிரிந்தும் கொன்டாக்டர் ஒட்டிக்கொண்டு மோட்டர் ஓடுகிறது. அல்லது யாரோ ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கிறார்கள். நான்காவதைத்தான் ஆட்கள் தவற விடுகிறார்கள்: தாங்கிக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள குட்டைக் குழாய் துருவும் ஒயில் சேறும் சேர்ந்து அடைத்திருக்கும், தாங்கியில் 9 பார் இருக்கச் சுவிட்சின் டயஃப்ரத்துக்கு 5தான் போய்ச் சேரும். காற்றை இறக்கிச் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பியின் நுனியில் கறுப்புக் களி வரும்.

கேஜ் சரியாக 8 காட்டும்போதே சேஃப்டி வால்வு திறந்தால், கேஜை வேறொன்றோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்திய பிறகு, வால்வின் ஸ்பிரிங் களைத்துவிட்டது அல்லது குறைந்த அளவு வால்வைப் போட்டிருக்கிறார்கள் என்று எடுக்கலாம். வால்வைத் திருத்தப் பார்க்காதீர்கள், அதே அளவு குறித்த புது வால்வு வாங்கிப் போடுங்கள்.

படி 5: ஒரு நிமிடத்துக்கு ஒருக்கால் ஓடி நிற்பது

வேலை பெரிதாக இல்லை, ஆனால் கொம்பிரசர் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். முதலில் தாங்கியின் அடி வால்வைத் திறங்கள். 100 லீற்றர் தாங்கியில் 40 லீற்றர் தண்ணீர் நின்றால் காற்றுக்கு 60 லீற்றர்தான் இடம், அது சட்டென்று நிரம்பிச் சட்டென்று தீரும். திறந்ததும் வாளி வாளியாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால் காரணம் அதுதான்.

தண்ணீர் இல்லையென்றால் ஒழுக்கைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் கட்-இன்னுக்கும் கட்-அவுட்டுக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள், ஒரு பாரை விடக் குறைவாக இருந்தால் யாரோ இடைவெளி ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள். இன்னொன்று, சுவிட்சைத் தாங்கியில் நேராகப் பூட்டாமல் ஃபில்டருக்கோ நீண்ட மெல்லிய ஹோஸுக்கோ அப்பால் பூட்டியிருந்தால், காற்று இழுக்கும்போது அங்கே அமுக்கம் இறங்கிச் சுவிட்ச் ஏமாறும். இடத்தை மாற்றுவதுதான் வழி.

படி 6: சுவிட்சைத் திறந்து பார்ப்பது

இவ்வளவும் பார்த்த பிறகுதான் சுவிட்ச் மூடி. பிளக் கழன்றிருக்கிறதா என்று இன்னொருதடவை பாருங்கள். மூடியைத் தூக்கினால் கடற்கரைக் கடைகளில் நான் காண்பது பெரும்பாலும் இது: வயர் முனைகளில் பச்சைக் களிம்பு, ஸ்பிரிங்கில் துரு, கொன்டாக்ட்டுக்கு நடுவில் நசுங்கிய எறும்புகள், சில வேளை ஒரு பல்லிக் குஞ்சு. எறும்பு உடம்பு கொன்டாக்ட்டைச் சேர விடாமல் செய்யும், அதுவே எரிந்து கரியாகித் தீப்பொறி பறக்கும்.

கொன்டாக்ட் முகம் லேசாகக் கறுத்திருந்தால் துணியால் துடைத்தால் போதும். சின்னச் சின்னப் பள்ளம் இருந்தால் மிக நயமான உப்புத்தாளைக் கைவிரலால் ஒருதடவை இழுக்கலாம், அரத்தால் ராவ வேண்டாம், மேலே பூசியிருக்கும் வெள்ளிப் பூச்சு போனால் பிறகு வேகமாக எரியும். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் சுவிட்சை மாற்றுங்கள். புதுசு வாங்கும்போது உடலில் குறித்த அம்பியரையும், ஒற்றைப் பேஸா மூன்று பேஸா என்பதையும், புரி அளவையும், அன்லோடர் வாய் இருக்கிறதா என்பதையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பெரிய மோட்டருக்குச் சுவிட்ச் நேராகக் கரண்டைச் சுமக்கக் கூடாது, கொன்டாக்டர் ஒன்றைப் போட்டு அதன் சுருளை மட்டும் சுவிட்ச் இயக்கட்டும், கரண்ட் மிஞ்சினால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோடும் அதோடு சேர்ந்து வரட்டும்.

டயஃப்ரம் கிழிந்தால் சுவிட்சின் உடலிலிருந்தே காற்று கசியும், அன்லோடர் ஓட்டையில் அல்ல. சவர்க்காரத் தண்ணீரை வயர் இல்லாத கீழ்ப்பக்கத்தில் மட்டும் தடவிப் பிரித்தறியுங்கள்.

படி 7: அளவை வைப்பது

தாங்கியில் அடித்திருக்கும் தகட்டை வாசியுங்கள். அதில் உள்ள உச்ச அமுக்கத்தை விடச் சேஃப்டி வால்வு கூடுதலாக இருக்கக் கூடாது, கட்-அவுட் அந்தச் சேஃப்டி வால்வுக்கும் ஒரு பாராவது கீழே இருக்க வேண்டும். தகடு துருப்பிடித்து வாசிக்க முடியாத தாங்கிக்கு நான் அளவை உயர்த்திக் கொடுப்பதில்லை, எவ்வளவு கேட்டாலும்.

சுவிட்சுக்குள் பெரிய ஸ்பிரிங்கின் நட்டை வலப்பக்கம் திருகினால் பெரும்பாலும் கட்-இன், கட்-அவுட் இரண்டும் சேர்ந்து உயரும். சின்ன ஸ்க்ரூ இடைவெளியை மாற்றும், ஆனால் அது சில சுவிட்சில் கட்-அவுட்டை நகர்த்தும், சிலதில் கட்-இன்னை, ஆகவே மூடியின் உட்புறத்தில் அச்சடித்திருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். தொடங்க முதல் நட்டின் மேல் எத்தனை புரி வெளியே நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், ஃபோனில் படமும் எடுங்கள். பிளக்கைக் கழற்றி அரைச் சுற்று, மூடியைப் போட்டு, ஒருதடவை நிரப்பி இறக்கி அளந்து, பிறகு அடுத்த அரைச் சுற்று. மூடி திறந்தபடி ஓடவிட்டுக்கொண்டே திருகுவதைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

படி 8: ரெகுலேட்டர்

பெயின்ட் அடிப்பவர்களுக்குத்தான் இது தலைவலி. 30 பிஎஸ்ஐ வைத்துவிட்டு ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தால் முள் தானாக ஏறி 50க்குப் போய்விடும், திரும்ப எடுத்து விசையை அழுத்தியதும் முதல் வீச்சு பெயின்ட் வழிந்து கெட்டுவிடும். ரெகுலேட்டருக்குள் வால்வு உட்காரும் இடத்தில் துருத் துகளோ வெட்டோ இருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், வெட்டு விழுந்திருந்தால் உள் ரப்பரை மாற்றுங்கள். கைப்பிடிக்குக் கீழே உள்ள சின்ன ஓட்டையால் விடாமல் காற்று வந்தால் உள் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், உள் வால்வு மூடாவிட்டாலும் அதே ஓட்டையால் வரும், திறந்து இரண்டையும் பாருங்கள். அளவைக் குறைக்கும்போது மட்டும் சிறிது நேரம் வருவது அதன் இயல்பு. கன்னை அழுத்தியதும் முள் பெரிதாக விழுந்தால் ஃபில்டர் அடைத்திருக்கும் அல்லது ஹோஸ் மெல்லியது. அளவு வைக்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே வாருங்கள், 40இலிருந்து 30க்கு இறக்க வேண்டுமென்றால் 25க்கு இறக்கிவிட்டு 30க்கு ஏற்றுங்கள்.

தண்ணீரும் உப்பும்

மேலே சொன்ன கோளாறுகளில் பாதிக்கு வேர் இங்கேதான். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். மாரியில் ஈரப்பதன் 80 சதவீதம் என்று வைத்தால் 24 கிராம். அதை 8 பாருக்கு அமுக்கினால் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, சுருங்கி ஆறியபின் அந்த இடம் 3 கிராமுக்குச் சற்று மேலேதான் தாங்கும், மீதி 20 கிராம் தண்ணீராகித் தாங்கியின் அடியில் விழுகிறது. நிமிடத்துக்கு 200 லீற்றர் தள்ளும் கொம்பிரசர் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் ஓடினால் 24 கன மீற்றர், கிட்டத்தட்ட அரை லீற்றர் தண்ணீர். ஒரு மாதம் திறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே ஒவ்வொரு நாளும் கடை பூட்ட முதல், தாங்கியில் ஒன்றிரண்டு பார் மட்டும் இருக்கும்போது அடி வால்வைத் திறந்து, வெறும் காற்று வரும்வரை விடுங்கள். தாங்கியின் அடியை வருடத்துக்கு ஒருதடவையாவது முகம் பார்க்கும் கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துப் பாருங்கள், பெயின்ட் கொப்புளம் விட்ட இடத்தைத் தட்டினால் உதிர்ந்தால் அந்தத் தாங்கி முடிந்தது. துளை விழுந்த தாங்கிக்கு வெல்டிங் ஒட்டுப் போடுவதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன், பக்கத்துத் தகடும் அதே அளவு மெலிந்திருக்கும். பழைய தாங்கியைச் சோதிப்பதென்றால் காற்றால் சோதிக்கக் கூடாது, முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு வரை கைப்பம்பால் ஏற்றிச் சோதிப்பதுதான் முறை, அதையும் பழகியவர் செய்யட்டும். காற்று லைனுக்குப் பீவீசீ குழாய் போடாதீர்கள், அது வெடித்தால் கத்திபோலச் சிதறும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், எங்கள் ஊரில் கடலில் முக்குளித்துத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். கராஜ் கொம்பிரசரின் காற்று மூச்சு விடுவதற்கு உரியது அல்ல. ஒயில் புகையும், பக்கத்தில் எஞ்சின் ஓடினால் அதன் நச்சுப் புகையும் அதில் கலந்து வரும். கேட்டு வருபவர் சொந்தக்காரராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம்.

பூட்டி முடித்த பிறகு

திருத்திய கொம்பிரசரை ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். குறைந்தது மூன்று சுற்று நிரப்பி இறக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பாரில் நின்றது, எத்தனை பாரில் ஓடியது, நின்றபின் எத்தனை செக்கன் சீறியது, வெறுமையிலிருந்து நிரம்ப எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். மூன்று சுற்றிலும் எண்கள் ஒத்து வந்தால், வெளிவாயை மூடி இரவு முழுக்க விட்டுக் காலையில் முள்ளைப் பாருங்கள். சுடச்சுட நிறுத்திய காற்று ஆறும்போது முள் சற்று இறங்கும், அது ஒழுக்கு இல்லை.

நான் இந்த நான்கு எண்களையும் திகதியையும் அழியாத பேனாவால் தாங்கியின் பக்கத்தில் எழுதி, உப்புக் காற்றில் அழியாமல் மேலே ஒரு துண்டுக் கண்ணாடி டேப் ஒட்டி விடுகிறேன். அடுத்த மாரியில் அந்தக் கொம்பிரசர் திரும்பி வந்தால் முதலில் வாசிப்பது அதைத்தான். போன வருடம் 4 நிமிடம், இப்போது 6 என்றால் ஹெட்டைத் திறப்பேன். நிமிடம் அதேதான், சீறல் மட்டும் நீண்டிருக்கிறது என்றால் செக் வால்வுக்கான ஸ்பனரை எடுப்பேன்.